மிஸ் மோஸின் விரதம்

மகள் மிதுனாவைப் பற்றி வெளியில் சொல்வதற்கென்று மங்களேஸ்வரி ஒரு பொய்யை வைத்திருந்தாள். மிதுனா சட்டம் படிக்கிறாள் என்பதே அந்தப் பொய். கோயில் அன்னதான வரிசையாகட்டும், சாமத்திய வீடாகட்டும், செத்த வீடாகட்டும், ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வாய் கேட்டாலும் இதே பதில்தான். உண்மையில் மிதுனா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தது மான்களைப் பற்றி. அதுவும் உயிரோடு இருக்கிற மான்கள் என்றாலாவது மிருக வைத்தியம் என்று சமாளித்திருக்கலாம். அவள் ஆராய்ந்தது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இருந்து, இப்போது அடையாளமே இல்லாமல் போய்விட்ட ஒரு மான்பூங்காவின் வரலாறு. அருள்ராணியின் மகன் பேர்கனில் டொக்டர். குலசேகரத்தின் மகள் திராமனில் பல் டொக்டர். இந்தச் சபையில் எழுந்து நின்று, "என்ரை மகள் செத்த மானைப் படிக்கிறாள்" என்று எந்தத் தாய்தான் சொல்லுவாள்?

புருசன் ஸ்ரீஸ்கந்தராசா பஸ் ஓட்டுகிற மனிதர். எதையும் பகிடியாகவே எடுப்பார். "ஏன் அதைப் பொய் எண்டு நினைக்கிறீர்? மானைக் களவாய்ப் பிடிச்சவனுக்குக் கையை வெட்டுற சட்டம் அங்கை இருந்ததாம். பிள்ளை அதையும்தானே படிக்கிறாள்" என்று ஒருநாள் சொல்லிவைத்தார். தண்ணீரில் தத்தளித்தவளுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி மங்களேஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்கு அந்தப் பொய் பொய்யாகவே படவில்லை.

பூங்காவின் பெயர் பிரேக்கன்ஹோல்ட். ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருந்த அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில், மிதுனா வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் அந்தக் கதைதான். அறுநூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு பிரபு தன் வேட்டை ஆசைக்காக ஒரு சின்னக் கிராமத்துச் சனத்தை எழுப்பிக் கலைத்துவிட்டு, வயலையும் காட்டையும் வளைத்து வேலி அடைத்தான். உள்ளே புள்ளி போட்ட மான்களை விட்டான். வேலியில் ஓரிடத்தில் மட்டும் வெளிப்பக்கம் மண்மேடு, உள்பக்கம் ஆழமான கிடங்கு. வெளியில் திரிகிற மான் மேட்டில் ஏறி உள்ளே பாய்ந்துவிடலாம். பாய்ந்தது திரும்பி வெளியே பாய முடியாது.

"அப்ப எங்கடை நோர்வே மாதிரி எண்டு சொல்லு" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

மிதுனா சிரித்தாள். மங்களேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. எழுப்பிக் கலைக்கப்பட்ட அந்தச் சனம் எங்கே போனது என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் கேட்டால் மகளின் படிப்பை மதித்ததாகப் போய்விடும் என்று பேசாமல் இருந்தாள். வலிகாமத்தில் அவளுடைய தகப்பன் வீடும் ஒரு வேலிக்குள்தான் கிடந்தது. அங்கே மான் இல்லை, ஆமிக்காரர்.

பிரபுக்கள் வந்தார்கள், போனார்கள். மான்கள் பெருகின. பிறகு உலகப் போர் வந்தது. உருளைக்கிழங்கு போட நிலம் வேண்டும் என்று உத்தரவு வர, ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. வேலியைக் கழற்றினார்கள், நிலத்தை உழுதார்கள், மாளிகையைப் பின்னர் இடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு பெருந்தெருவும் தளபாடக் கடையும் இருக்கின்றன. அந்தக் கடைசிக் கிழமையில் என்னதான் நடந்தது என்று எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை. கண்ணால் கண்டவர்களில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சீவன்: மான்காவலரின் மகள் மிஸ் மோஸ். கலியாணம் கட்டாதவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மிதுனா இங்கிலாந்துக்குப் போய்க் கேட்டபோதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கிரேக்கப் பூச்சாடிகளைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார். கடைசியில், அவருக்கு நோர்வேயை ஒருதரம் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் சேர, "ஒஸ்லோவுக்கு வருகிறேன், அங்கே வைத்துச் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை மிதுனாவின் பெற்றோர் வீட்டில் சாப்பாடு. ஞாயிறு காலை ஹோட்டலில் கதை. அந்தக் கதை கிடைக்காவிட்டால் மிதுனாவின் ஆராய்ச்சி தலையில்லாத முண்டம். வருடக்கணக்கான உழைப்பு அந்த ஒரு காலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, லக்ஸ் மீனை அவன் அடுப்பிலை வையுங்கோ. உருளைக்கிழங்கு அவியுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்று மிதுனா டெலிபோனில் சொன்னாள். "தாளிச்சு வீடு முழுக்க மணக்க வைக்காதேங்கோ. பிளீஸ்."

அந்த 'பிளீஸ்' மங்களேஸ்வரியின் நெஞ்சில் போய் இடித்தது. வீடு தேடி வருகிற மனிசிக்கு, அதுவும் பிள்ளையின் படிப்பையே கையில் வைத்திருக்கிற மனிசிக்கு, அவித்த கிழங்கும் உப்புச் சப்பில்லாத மீனும் போட்டு அனுப்புவதோ? அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில் கிழமைக்கு மூன்று நாள் அதைத்தான் கிழவர்களுக்குக் கொடுக்கிறாள். அதில் ஒருவர்கூட இதுவரை சிரித்துக்கொண்டு சாப்பிட்டதை அவள் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒட்வார் வந்தான். அதே இல்லத்தில் காவலாளி வேலை பார்ப்பவன், மேற்குக் கரையைச் சேர்ந்தவன். புரட்டாதி பிறந்தால் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். அந்த வருடம், இரண்டாயிரத்து ஏழில், பெரிய மான் விழுந்திருந்தது. குளிரில் உறைந்த இறைச்சிப் பொதி ஒன்றைக் குசினி மேசையில் வைத்து, "மங்களா, உனக்கு" என்றான்.

மங்களேஸ்வரியின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. வரப்போகிறவ யார்? மான்பூங்காவில் பிறந்து வளர்ந்தவ. சின்ன வயதில் மான் இறைச்சி தின்ற வாய். இப்போது எந்தக் கடையில் அது கிடைக்கும்? ஊரில் வன்னியிலிருந்து மான் வத்தல் வந்தால் யாருக்கு எடுத்து வைப்பார்கள்? புது மாப்பிள்ளைக்கும் பெரிய மனிசருக்கும். முருகனே ஒட்வார் ரூபத்தில் வந்து கொடுத்ததாகவே அவள் நினைத்தாள்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. வருவது புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, மரக்கறி மட்டும் சாப்பிடுகிற நாள். மங்களேஸ்வரி நோர்வேக்கு வந்த நாளிலிருந்து ஒரு புரட்டாதிச் சனியைக்கூடத் தவறவிட்டதில்லை. வெள்ளியும் மரக்கறி நாள். ஆகவே வியாழக்கிழமையே சமைத்து, தனிச் சட்டியில் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒதுக்கி வைத்தாள். சனிக்கிழமை அதை மைக்ரோவேவில் புருசன் சூடாக்குவார், மீனையும் அவரே அவன் அடுப்பில் வைப்பார். மைக்ரோவேவில் சூடாக்குவது சமைப்பதில் சேராது. அதுவும் ஆம்பிளை செய்தால் கணக்கிலேயே வராது. இந்தச் சட்டத்தை எந்த ஆகமத்தில் படித்தாள் என்று கேட்கக் கூடாது. சட்டம் படிக்கிற பிள்ளையின் தாயல்லவா!

"பிள்ளை மீன் எல்லோ சொன்னவள்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"மீனும் இருக்கு. நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. அவ சாப்பிட்டுப்போட்டு என்னெண்டு கேக்கேக்கை நான் சொல்லுறன். அப்ப பாப்பியள் அவவின்ரை முகத்தை."

மிஸ் மோஸ் மெலிந்த, நிமிர்ந்த மனிசி. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்ல முதலே கழற்றினார். சாமியறையைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். மங்களேஸ்வரி ஊரில் படித்த இங்கிலீசை வைத்துக்கொண்டு முக்கால்வாசி விளங்கிக்கொண்டாள். மற்றக் கால்வாசியை முகத்தைப் பார்த்து நிரப்பினாள். அவளுக்கு மனிசியை நன்றாகப் பிடித்துப்போனது. மிதுனாகூட ஆறுதலாகத்தான் இருந்தாள், மேசைக்கு வரும்வரை. மீனுக்கும் கிழங்குக்கும் பக்கத்தில் மூடிய சட்டியையும், சோற்றையும், பருப்பையும், கத்தரிக்காய்ப் பொரியலையும் கண்டவள் தாயை ஒரு பார்வை பார்த்தாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஸ்ரீஸ்கந்தராசா மனைவிக்கு எடுத்துக் கொடுக்கிறாராம், இங்கிலீசில் தொடங்கினார். "சின்ன வயதில் நிறைய மான் இறைச்சி சாப்பிட்டிருப்பீர்கள், இல்லையா?"

மிஸ் மோஸ் கையில் எடுத்த முள்ளுக்கரண்டியைத் திருப்பிக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டிருக்கிறேன்" என்றார். "பூங்கா அழிந்த கிழமையோடு விட்டுவிட்டேன். இனி இந்த வாயால் மானைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவு. இன்றைக்கு வரைக்கும் தொட்டதில்லை." பிறகு, சபை கனத்துப் போய்விட்டதை உணர்ந்து, சிரித்தார். "நீங்கள் இன்றைக்கு விரதம் என்று உங்கள் மகள் சொன்னாள். இதுவும் அப்படி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருக்கிற ஒரே விரதம் அதுதான்."

மங்களேஸ்வரிக்கு அந்தக் கால்வாசியும் மிச்சமில்லாமல் முழுவதும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு வந்து மேசையில் குந்திக்கொண்டிருந்தது.

"இதில் என்ன? நல்ல மணம்" என்று மிஸ் மோஸ் சட்டியைக் காட்டினார்.

மிதுனா மூடியைத் திறந்தாள். தாயிடம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அம்மா, இது என்ன?"

"மான், பிள்ளை" என்றாள் மங்களேஸ்வரி.

மிதுனாவின் முகம் வெளிறிப் போனதைத் தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு மகள் அழகாகச் சிரித்து, விருந்தாளியின் பக்கம் திரும்பி, "ஆட்டிறைச்சி" என்றாள்.

மிஸ் மோஸ் மிதுனாவைப் பார்த்தார். மங்களேஸ்வரியைப் பார்த்தார். பருப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார்.

பரிமாற வேண்டியவள் மங்களேஸ்வரி. சட்டியைத் தவறவிட்டு நிலத்தில் கொட்டியிருக்கலாம். மயக்கம் வந்ததாக விழுந்திருக்கலாம். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லையாவது சொல்லியிருக்கலாம். ஒன்றையும் செய்யவில்லை. இல்லத்தில் ஒரு கோடைகால விருந்தில் கூட வேலை செய்யும் லிவ், "கோழிதான், பயப்படாதே" என்று கொடுத்த பொல்சே சொசேஜை நம்பித் தின்று, அதில் மாடும் கலந்திருந்தது என்று பிறகு அறிந்து, மஞ்சள் தண்ணீரால் நாக்கைத் தேய்த்துத் தேய்த்து அழுதவள் அவள். லிவ்வோடு இன்றுவரை ஒரு 'ஹை'க்கு மேல் பேச்சு இல்லை. அந்த மங்களேஸ்வரியின் கைதான் இப்போது கரண்டியால் மானை அள்ளி இன்னொருத்தியின் விரதத்தின் மேல் போட்டது.

மிஸ் மோஸ் மெதுவாகச் சாப்பிட்டார். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. தட்டு வெறுமையானதும், ஊர்ப் பழக்கம் ஊர்ப் பழக்கந்தானே, மங்களேஸ்வரியின் கை தன்பாட்டில் கரண்டியைத் தூக்கியது, வாய் தன்பாட்டில், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றது. கேட்ட பிறகுதான் கேட்டது விளங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது அவளுக்கு.

கரண்டியைக் கண்டே விளங்கிக்கொண்ட மிஸ் மோஸ், "போடுங்கள்" என்று தட்டை மறுபடி நீட்டினார்.

சாப்பாடு முடிந்து, கை துடைத்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் அவர் மிதுனாவிடம் சொன்னார். "நாளைக்குக் காலை நான் முதல் விமானத்திலேயே போய்விடுகிறேன். நாங்கள் பேசுவதாக இருந்ததை விட்டுவிடுவோம். மன்னித்துக்கொள், என்னால் முடியாது."

"ஏதாவது பிழையாக…?" என்றாள் மிதுனா.

"என்னால் முடியாது" என்றார் மறுபடி. பிறகு மங்களேஸ்வரியின் கையைப் பிடித்து, "நன்றாகச் சமைத்திருந்தீர்கள்" என்றார். அவள் வாழ்நாளில் கேட்ட பாராட்டுகளில் இதைப்போல் சுட்டது வேறொன்றும் இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா விருந்தாளியைக் காரில் ஹோட்டலுக்குக் கூட்டிப் போக, கதவு சாத்தியதுமே மிதுனா வெடித்தாள்.

"மீன் எண்டுதானே சொன்னனான்! ஒரு மீன்! அதைக்கூடக் கேக்க மாட்டியளோ?"

"எனக்கு எப்பிடியடி தெரியும்? ஆசையாய்ச் சமைச்சனான்."

"அவவுக்குத் தெரிஞ்சிட்டுது, அம்மா. எல்லாம் முடிஞ்சுது."

"நீ ஏன் ஆடு எண்டு சொன்னனீ? 'மான், தெரியாமல் சமைச்சிட்டா, சாப்பிடாதேங்கோ' எண்டு சொல்லியிருந்தால் அவ சிரிச்சுக்கொண்டு மீனை எடுத்திருப்பா. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சது ஆர்? நானோ?"

மிதுனா தாயை நேராகப் பார்த்தாள். சத்தம் சட்டென்று இறங்கியது.

"உங்கடை முகத்தைப் பாத்தன். வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டியள். காப்பாத்துவம் எண்டு வாயிலை வந்ததைச் சொன்னன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்கள் கோயிலிலை செய்யிறதைத்தானே நானும் செய்தனான். மகள் லோ படிக்கிறா எண்டு. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ? அருள்ராணி அன்ரி என்னட்டையே வந்து வழக்குக்கு ஆலோசனை கேட்டவ. நான் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லை. விசாரிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

தாயைப்போல பிள்ளை, நூலைப்போல சேலை என்று சொல்வார்கள். பிள்ளை கெட்டிக்காரியாக வந்தபோதெல்லாம் மங்களேஸ்வரி அதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் பழமொழி திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது. மகளுக்கு முன்னால் நிற்கக் கூசி, குசினிக்குள் போய்க் கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினாள்.

ஸ்ரீஸ்கந்தராசா திரும்பி வந்து கார்த் திறப்பை மேசையில் வைத்தார். பகிடி ஒன்றும் வரவில்லை. "ஒண்டும் கதைக்கேல்லை. கண்ணாடிக்கு வெளியாலை பாத்துக்கொண்டே வந்தவ. காலமை விமான நிலைய ரயில் எந்த மேடையிலை வரும் எண்டு மட்டும் கேட்டவ."

ஞாயிறு விடிய மங்களேஸ்வரி ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டாள். ஒருவரைப் பார்க்கப் போகும்போது வாழைப்பழமாவது கொண்டு போகாமல் போனது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். எதைக் கொண்டு போவது? கையில் எதை எடுத்தாலும் அது கரண்டி மாதிரியே பட்டது.

மிஸ் மோஸ் ரயில் மேடையில் ஒரு வாங்கில் இருந்தார், சின்னப் பெட்டி பக்கத்தில். இவளைக் கண்டு எழும்பவில்லை, ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. மங்களேஸ்வரி தேபான் என்கிற சுரங்க ரயிலில் வரும்போது மனதில் அடுக்கி வைத்த இங்கிலீசு எல்லாம் கலைந்துபோக, உள்ளதைச் சொன்னாள்.

"அது ஆடு இல்லை. மான். நான் சமைத்தது. உங்களுக்கு விருப்பம் என்று நினைத்தேன். மகளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்காகத்தான் பொய் சொன்னாள். நான் தடுக்கவில்லை. நானே போட்டேன். இரண்டு தரம் போட்டேன்."

"தெரியும்" என்றார் மிஸ் மோஸ். "உங்கள் மிளகாய்த்தூள் மணத்தை மறைத்துவிட்டது. ஆனாலும் முதல் வாயில் தெரிந்துவிட்டது."

"தெரிந்துமா சாப்பிட்டீர்கள்? ஏன்?"

அவர் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். மங்களேஸ்வரி இருந்தாள். விளங்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, மிஸ் மோஸ் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஆறுதலாகச் சொன்னார்.

"பனிக்காலத்தில் அப்பா மான்களுக்குத் தீனி போடுவார். வாளியைத் தட்டிக் கூப்பிடுவது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சத்தம் கேட்டால் காட்டின் எந்த மூலையில் நின்றாலும் ஓடி வந்துவிடும். அந்தக் கிழமையும் தட்டச் சொன்னார்கள். தட்டினேன். வந்தன. மரங்களுக்குப் பின்னால் துவக்கோடு ஆட்கள் நின்றார்கள்."

மங்களேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதற்காக நான் விரதம் எடுக்கவில்லை" என்றார் மிஸ் மோஸ். "போர், உத்தரவு, பசி எல்லாம் எனக்கு விளங்கியது. அன்று பின்னேரம் வீட்டில் இறைச்சி சமைத்தார்கள். இறைச்சியைக் கண்ணால் காண்பதே அரிதான காலம். என்ன இறைச்சி என்று கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டு, ஆட்டிறைச்சி என்றார். அவருடைய முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் நம்பினேன். நல்ல ருசி. இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினேன். அம்மா போட்டார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள், ஊர் முழுக்க மான் சாப்பிட்டது உனக்குத் தெரியாதா என்று."

தண்டவாளத்தில் எங்கோ ரயில் வருகிற இரைச்சல் கேட்டது.

"அப்பா என்மேல் வைத்த பாசத்தால்தான் சொன்னார். உங்கள் மகள் உங்கள்மேல் வைத்த பாசத்தால் சொன்னாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அதே சிரிப்பு, அதே சொல். நேற்று உங்கள் மேசையில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது. தட்டை நீட்டாமல் இருக்க முடியவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் போய் இருந்து இந்தக் கதையைச் சொல்லவும் முடியவில்லை."

"மன்னியுங்கள்" என்றாள் மங்களேஸ்வரி. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் மோஸ் எழுந்து பெட்டியைப் பிடித்தார். "அப்பா செத்து எத்தனையோ காலம். அவரையே நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை. இன்றைக்கு என்னிடம் அதைக் கேட்காதீர்கள்."

ரயில் வந்து நின்றது. மங்களேஸ்வரி கூடவே நடந்தாள். "இதை… மகளுக்குச் சொல்லலாமா?"

அவர் படியில் ஏறி நின்று யோசித்தார். "சொல்லுங்கள். எழுதவும் செய்யட்டும். உள்ளதை உள்ளபடி. ஆட்டிறைச்சி என்று சொன்ன இடத்தையும் விடாமல்." கதவு மூடியது. அவர் கை காட்டவில்லை.

தேபானில் திரும்பி வரும்போது அருள்ராணி ஏறினாள், கோயிலுக்குப் போகிற பட்டுச்சேலையோடு. பக்கத்தில் வந்து இருந்து, "என்ன மங்களமக்கா, முகம் வீங்கிக் கிடக்கு? மிதுனா வந்து நிக்கிறாவோ? என்ரை வழக்கு அலுவல் ஒண்டு கேட்டனான், விசாரிச்சவவோ?" என்றாள்.

"அவவுக்கு அது தெரியாது, அருள்ராணி" என்றாள் மங்களேஸ்வரி. "அவ சட்டம் படிக்கேல்லை. இங்கிலாந்திலை அழிஞ்சுபோன ஒரு மான்பூங்காவைப் படிக்கிறா. நான் உமக்குப் பொய் சொன்னனான்."

அருள்ராணி என்ன சொன்னாள் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்த எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அம்மருட் வரும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டில் மிதுனா மேசையில் இருந்தாள், நேற்றுப் போட்ட உடுப்போடு. இரவு தன் அறைக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டாள். தகப்பன் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடந்தது. தாயைக் கண்டதும், "எங்கை போனனீங்கள்?" என்றாள்.

"அவவைக் கண்டனான். எழுதுறதுக்கு எடு, பிள்ளை. அவ சொல்லச் சொன்னவ."

மிதுனா நம்பாமல் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்தாள். மங்களேஸ்வரி சொன்னாள். வாளியைச் சொன்னாள், வந்த மான்களைச் சொன்னாள், மரங்களுக்குப் பின்னால் நின்றவர்களைச் சொன்னாள். மகளின் பேனை ஓடிக்கொண்டே இருந்தது; கண்ணில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. வருடக்கணக்காகத் தேடியது கிடைத்த வெளிச்சம். அதைப் பார்க்கப் பார்க்க மங்களேஸ்வரிக்கு அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம். பூங்காவின் கதை இதோடு முடிந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

"பிறகு?" என்றாள் மிதுனா.

"அண்டைக்குப் பின்னேரம் வீட்டிலை இறைச்சி. என்ன இறைச்சி எண்டு அவ கேட்டவவாம்." மங்களேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தகப்பன் சிரிச்சுக்கொண்டு, ஆட்டிறைச்சி எண்டவராம்."

பேனை நின்றது. மிதுனா தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பரவாயில்லை பிள்ளை, உன்னில் பிழையில்லை என்று சொல்ல மங்களேஸ்வரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் ஆட்டிறைச்சிதான் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. கதிரையை இழுத்து மகளோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினாள்.